டீச்சரின் குளிசைப் பெட்டி

வயதானவர்களுக்குக் கஞ்சி பருக்கும்போது கரண்டியை நிரப்பக் கூடாது. அரைக் கரண்டி எடுத்து, கீழுதட்டில் மெல்லத் தொட்டு, அவர்களாக வாயைத் திறக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். இதை மட்டும் ஒரு பெண்ணுக்குப் பழக்க இரண்டு கிழமை எடுக்கும். தூக்கி இருத்துவது, படுக்கைப் புண் வராமல் புரட்டுவது, காது மந்தமானவரோடு கத்தாமல் கதைப்பது, வேளை தப்பாமல் மருந்துக் குளிசை பிரித்து வைப்பது, எல்லாம் சேர்த்தால் மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தை முடிக்காத ஒருவரையும் நான் ஒரு வீட்டுக்கும் அனுப்பியதில்லை. சேர், இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் வதனி. வயது நாற்பத்தேழு. செங்கலடியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் 'நிழல் இல்லப் பராமரிப்புச் சேவை' என்று பலகை தொங்குகிறதே, அது என்னுடையது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் கட்டாரிலும் இருக்க, தாய் தகப்பன் இங்கே தனியே இருக்கும் வீடுகளுக்கு நாங்கள் பெண்களை அனுப்புகிறோம். ஏறாவூரிலிருந்து ஓட்டமாவடிவரை பதினொரு வீடுகள் எங்களிடம் இருந்தன.

குவைத்தில் ஒன்பது வருடம் ஒரு கிழவியைப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. ஊருக்கு வந்து, மட்டக்களப்பு டவுனில் இதே சேவையை நடத்திய ஒரு அம்மாவிடம் இரண்டு வருடம் வேலை செய்தேன். நான் விலகி வந்தபோது மூன்று வீடுகள் என்னோடு வந்தன. நான் கூப்பிடவில்லை. அவையாக வந்தன. அந்த அம்மா போன் எடுத்து அழுதார். அவரால் மேற்கொண்டு நடத்த முடியவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அவருக்கு ஒழுங்கான விதிகள் இருக்கவில்லை. அதிலிருந்து நான் பாடம் படித்தேன்.

எங்கள் விதிகள் எளிமையானவை. வேலைக்குப் போகும் பெண் தன் போன் நம்பரை வீட்டாருக்குக் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் தாயைப் பார்க்க வேண்டுமென்றால் என் போனுக்கு எடுக்க வேண்டும். நான் அந்த வீட்டுக்குப் போய்க் காட்டுவேன். மூன்று மாதத்துக்கு மேல் ஒரு பெண்ணை ஒரே வீட்டில் வைத்திருக்க மாட்டேன். பாசம் வந்துவிட்டால் பிறகு ஆளைப் பிரிக்க முடியாது. ஆளைப் பிரிக்க முடியாவிட்டால் வீடு கையை விட்டுப் போய்விடும். வந்தாறுமூலையில் சீனித்தம்பி ஐயா என்றொருவர் இருக்கிறார். பார்த்துக்கொண்ட பிள்ளையை மாற்றிய அன்றிலிருந்து மூன்று நாள் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் சாப்பிட்டார். இப்போது யார் வந்தாலும் பெயர் கேட்பதில்லை. நல்ல சுகமாக இருக்கிறார்.

விதியை முதலில் மீறியவள் இன்ஷிரா, ஓட்டமாவடிப் பிள்ளை. அங்கே ஒரு ஹாஜியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் வந்து, இனி நேரடியாகவே அந்த வீட்டில் வேலை செய்யப்போவதாகச் சொன்னாள். நான் கோபப்படவில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். பிறகு ஹாஜியாரின் மகளுக்குப் போன் எடுத்து, இன்ஷிராவுக்கு இருமல் இருக்கிறது, காசமா என்று பார்க்கும் சளிச் சோதனையின் முடிவு இன்னும் வரவில்லை, அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை என்றேன். அவளுக்கு இருமல் இருந்தது உண்மை. சோதனை எடுக்காததால் முடிவு வராததும் உண்மை. அந்த வீட்டிலும் அவளை நிற்பாட்டினார்கள், அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் எடுக்கவில்லை. கைக்குழந்தையை உம்மாவிடம் விட்டுவிட்டுச் சவூதிக்குப் போய்விட்டாள். போகும்போது சொல்லிக்கொள்ள வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒருவரும் விலகவில்லை.

கஜானி என்னிடம் வந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது. கிரானுக்கு அங்கால், பாலம் தாண்டி, வயல் வட்டைக்குள்ளே அவர்களுடைய வீடு. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், ஐந்து வயதில் ஒரு மகள். இப்படியான பெண்களைத்தான் நான் எடுப்பது. அவர்கள் வேலையை இலேசில் விட மாட்டார்கள். நான் பழக்கியவர்களில் கைப்பக்குவம் அவளைப் போல் ஒருவருக்கும் இல்லை. குளிசைப் பெட்டியை நிரப்பினால், நான் இரண்டாம் தடவை பார்க்கத் தேவையே இருக்காது.

அவளைச் சித்தாண்டிக்கு அனுப்பினேன், அன்னப்பூரணி டீச்சர் வீட்டுக்கு. டீச்சருக்கு எழுபத்தொன்பது வயது. முப்பத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்தவர். சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் நோவு. ஒரே மகன் உதயரூபன் கனடாவில். மூன்று மாதம் முடிந்து நான் ஆளை மாற்றப் போனபோது, டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வேற ஆள் வந்தா நான் கதவு திறக்க மாட்டன் வதனி. சொல்லிப்போட்டன்.”

மகனும் போனில் கெஞ்சினார். “அக்கா, அம்மா கஜானியத்தான் கேக்கிறா. இந்த ஒருக்கா விட்டுடுங்களன்.”

விட்டேன். எட்டு வருடத்தில் நான் என் விதியை மீறியது அந்த ஒரு தடவைதான். நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கார்த்திகைக் கடைசியில் கஜானி அலுவலகத்துக்கு வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“அக்கா, நான் இந்த மாசத்தோட நிப்பாட்டுறன்.”

“எங்க போறாய்?”

“டீச்சர் வீட்டதான். மகளையும் கூட்டிக்கு வந்து நிக்கச் சொல்லுறா. சித்தாண்டிப் பள்ளிக்கூடத்தில இடமும் கேட்டிரிக்கா.”

“மறுகா? அதுக்குப் பிறகு?”

அவள் நிலத்தைப் பார்த்தாள். “இன்னும் ரெண்டு வீட்டுல கேட்டிரிக்காங்க அக்கா. எனக்குத் தெரிஞ்ச புள்ளையள் ரெண்டு பேர் இரிக்காங்க. நான் பழக்கி விடுவன். டீச்சர்தான், நீயே தொடங்கு எண்டு சொன்னா. உங்கட வீடுகளுக்கு நானாப் போய்க் கேக்க மாட்டன். சத்தியமா.”

நான் கூப்பிடவில்லை, அவையாக வந்தன என்று நானும் ஒரு காலத்தில் சொன்னவள்தான். ஆனால் அது வேறு.

நல்லா இரு என்று வாழ்த்தி அனுப்பினேன். மார்கழி முதலாந் திகதி டீச்சரின் பெயரைப் பதிவிலிருந்து வெட்டினேன். அவளைக் கேட்ட அந்த இரண்டு வீடும் எங்களுடையவை, தைமாதத்தோடு போய்விடும் என்று தெரிந்தது. இரண்டு போனால் நான்கு போகும். என்னிடம் மற்ற ஏழு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கஜானிக்கு என்ன நடக்கிறது என்று. அவள் நன்றாக வந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வீட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எட்டு வருடமாக நான் கட்டியது ஒரு மாரிக்குள் கரைந்துவிடும். என் இடத்தில் இருந்து நினைத்துப் பாருங்கள்.

அந்த மாதம் இரண்டாம் வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு, நான் சித்தாண்டிக்குப் போனேன். வியாழன் கிளினிக் நாள். டீச்சரின் மருந்துத் துண்டைக் கொண்டுபோய் மருந்து எடுத்து வர கஜானி வரிசையில் நிற்பாள், பதினொரு மணிக்கு முன் வர மாட்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது. டீச்சர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

“வா புள்ள, வா. கோவத்தில வரமாட்டாய் எண்டல்லவா நினைச்சன்.”

“கோவமெல்லாம் இல்ல டீச்சர். உங்களப் பாக்கத்தான் வந்தன்.”

அவருடைய கால் நகங்கள் வளர்ந்திருந்தன. கஜானிக்கு அதில் பயம். கால் நகம் வெட்டுவதை மட்டும் தள்ளிப் போடுவாள். நான் வெந்நீர் வைத்து, கால்களை ஊறவிட்டு, ஒவ்வொரு நகமாக வெட்டினேன். சீனி வருத்தக்காரருக்குச் சின்னக் கீறல் பட்டாலும் புண் ஆறாது. அதனால் மிகவும் கவனமாக வெட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கதைத்தார்.

“நான்தான் அவளுக்குச் சொன்னன் வதனி. அவளத் திட்டாத. அந்தக் குஞ்சு பள்ளிக்கூடம் போக வேணுமே. நீ பழக்கின புள்ளதானே, நல்லா வந்தா உனக்கும் பேர்தானே.”

“ஓம் டீச்சர்.”

“உன்ட கையில ஒரு பதம் இரிக்கு. அவளுக்கு அது இன்னும் வரல்ல.”

அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கால்களைத் துடைத்துவிட்டேன். அவர் அப்படியே சாய்மனைக் கதிரையில் அயர்ந்துபோனார்.

குளிசைப் பெட்டி அலுமாரிக்கு மேல் இருந்தது. ஏழு நாளுக்கும் காலை, பகல், இரவு என்று அறை பிரித்த பெட்டி. நான் வாங்கிக் கொடுத்ததுதான். முதலில் எல்லா அறையையும் திறந்து பார்த்தேன். கஜானி சரியாக நிரப்பியிருந்தாள். காலையில் மட்டும் போட வேண்டிய சீனிக் குளிசையும், இரவில் போடும் பிரஷர் குளிசையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; இரண்டும் சின்னது, இரண்டும் வெள்ளை. இரவு அறையிலிருந்த பிரஷர் குளிசையை எடுத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த மருந்துப் பையிலிருந்து ஒரு சீனிக் குளிசையை வைத்தேன். எண்ணிக்கை மாறவில்லை. ஒரு அறையில் மட்டும் செய்தால் யாருக்கும் வரக்கூடிய கைத்தவறு என்று விட்டுவிடுவார்கள். ஆகவே மிச்சமிருந்த எல்லா இரவிலும் அப்படியே செய்தேன். அப்போதுதான் இவளுக்கு வேலை தெரியாது என்று விளங்கும்.

நான் நினைத்தது ஒரு மயக்கம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். உதயரூபன் போன் எடுத்து, அக்கா, நீங்களே திரும்பப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். மற்ற இரண்டு வீடும் அதைக் கேள்விப்பட வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன், டீச்சரை எழுப்பக் கூடாது என்று.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கொட்டியது. சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு என் போன் அடித்தது. டீச்சர்.

“வதனி, கை நடுங்குது புள்ள. வேர்த்து ஊத்துது. கண்ணெல்லாம் மங்கலாக் கிடக்கு.”

“கஜானி எங்க டீச்சர்?”

“புள்ளக்குக் காய்ச்சல் எண்டு நேத்து அந்திக்குப் போனவள். ராக் குளிசையத் தந்துபோட்டுத்தான் போனாள். நான்தான் போகச் சொன்னன். விடிய வாறன் எண்டவள், காணல்ல. நீ ஒருக்கா வாறயா?”

அவள் வீட்டுக்குப் போவாள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கிரான் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்கிறது, அங்கால் போனும் வேலை செய்யவில்லை என்று கீழே மருந்துக்கடைக்காரர் காலையில் சொல்லியிருந்தார். அது தெரியும்.

டீச்சருக்குச் சீனி இறங்குகிறது என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு வைத்தியர் தேவையில்லை. நாலு கரண்டி சீனி போட்டு ஒரு தேத்தண்ணி குடித்தால் போதும். அதைச் சொல்ல ஒரு வசனம் போதும். என் ஸ்கூட்டரில் அந்த வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம், மழையென்றால் பதினைந்து. நான் யோசித்தேன். நான் போய் நின்றால், கஜானி இல்லாத நேரம் வதனி வருவாள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். பிறகு எதற்கு ஒருவர் எங்கள் பதிவில் இருக்க வேண்டும்? ஒரு வீட்டுக்கு அப்படிச் செய்தால் எல்லா வீட்டுக்கும் செய்ய வேண்டி வரும்.

“டீச்சர், உங்கட பேர் இப்ப எங்கட பதிவில இல்ல. நான் வந்தா அது சரியில்ல. கஜானிக்கு எடுங்க.”

டீச்சர் எதையோ புரட்டித் தேடுவது கேட்டது. பிறகு, “அவள்ட நம்பர் இதுக்குள்ள எங்க கிடக்கு எண்டு தெரியல்ல புள்ள” என்றார்.

நம்பரைச் சொன்னேன். பேனை எடுத்து வரும்வரை காத்திருந்தேன். ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன்.

“கடைசி ஏழா, ஒண்டா?”

“ஏழு டீச்சர்.”

“ஒண்டு...”

“இல்ல டீச்சர், ஏழு.”

முப்பத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்த மனிசி. இரண்டாம் தடவையும் முழுக்கச் சொன்னேன், அவசரப்படுத்தவில்லை. “சரி புள்ள, நன்றி” என்று சொல்லி வைத்தார். கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் அடித்தார். அந்த நேரம் நான் களுவன்கேணியிலிருந்து விசாரிக்க வந்த ஒரு புது ஆளோடு கதைத்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அடிக்கவில்லை.

கஜானி தோணியில் வெள்ளம் கடந்து, நனைந்து, சித்தாண்டிக்கு வந்து சேர நாலு மணியாகிவிட்டது. டீச்சர் குசினி வாசலில் கிடந்தார். கையில் நம்பர் எழுதிய கடதாசித் துண்டு இருந்தது. உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை முடிந்தது.

செத்த வீட்டுக்கு எங்கள் பெண்கள் எல்லாரையும் அனுப்பினேன். மகன் வரும்வரை வீட்டை ஒழுங்காக வைத்திருந்தது நாங்கள்தான். உதயரூபன் என் கையைப் பிடித்து அழுதார்.

“உங்களிட்டயே விட்டிரிக்கலாம் அக்கா. நான்தான் பிழை விட்டுட்டன்.”

கஜானி நல்ல பிள்ளைதான், தனியே நடத்துவதற்கு அனுபவம் காணாது என்று மட்டும் சொன்னேன். அவள் முற்றத்து மூலையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஒருவரும் அவளுக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை. நான்தான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “அக்கா, நான் ரெண்டு தரம் பாத்துத்தான் நிரப்பினன். எப்பிடி மாறிச்சு எண்டு தெரியாக்கா” என்றாள். தெரியும், அழாதே என்றேன்.

பிறகு பொலிசிலிருந்து நீங்கள் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள். மிச்ச இரவுகளின் குளிசை மாறியிருந்ததைக் கண்டுபிடித்து அவளைப் பிடித்தீர்கள். அந்த இரண்டு வீடும் தைமாதம் என்னை விட்டுப் போகவில்லை. எங்கள் பெண்களில் ஒருவரும் அதற்குப் பிறகு விலகுவது பற்றிக் கதைக்கவில்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மாசி பிறந்து ஒருவன் முகநூலில் எழுதும்வரை.

எழுதியவன் கஜானியோடு நிற்கவில்லை. செங்கலடியில் பயிற்சி பெற்ற பெண், குளிசை பிரிக்கத் தெரியாமல் ஒரு டீச்சரைக் கொன்றுவிட்டாள் என்று எழுதினான். எங்கள் பலகையின் படத்தையும் போட்டிருந்தான். அதற்குப் பிறகு போனுக்கு மேல் போன். வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேட்டார், “உங்கட ஆக்களுக்குச் சீனிக் குளிசையும் பிரஷர் குளிசையும் பிரிச்சுப் பாக்கத் தெரியுமா?” எட்டு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. இரண்டு கிழமைக்குள் மூன்று வீடுகள் போயின. கஜானி கூட்டிக்கொண்டு போகவில்லை. அவள் மறியற்சாலையில் அடைபட்டுக் கிடந்தாள். என்ன விளக்கம் சொன்னாலும் அவர்கள் கேட்கவில்லை. கஜானி செய்த பிழை என்றால் அது பழக்கியவளின் பிழை. இந்தச் சேவைக்கு அதைவிடப் பெரிய கேடு வேறு இல்லை.

நன்றாக யோசித்தேன். ஒருத்தி கெட்டவள் என்றால் அவளோடு போய்விடும். பயிற்சி கெட்டது என்றால் எல்லாமே போய்விடும். ஏறாவூர்ப் பிள்ளை அஸ்மியா ஆறு வருடமாக என்னோடு நிற்கிறாள், நான் இல்லாவிட்டாலும் அவள் நடத்துவாள். இன்று காலை இங்கே வருவதற்கு முன் அலுவலகக் கதவுத் திறப்புகளை அவளிடம் கொடுத்தேன். இரண்டு வருடத்துக்கு எங்கள் வீடு ஒன்றையும் தன் பெயருக்கு எடுக்க மாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். ஏனென்று கேட்டாள். நாளைக்குத் தெரியும் என்றேன்.

எனக்குக் குற்றவுணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டீர்கள். டீச்சரின் கடைசிச் சின்னவிரலில் நகம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அவர் அயர்ந்துவிட்டதால் விட்டுவிட்டேன். அது மட்டும் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

ஆகவே கஜானியை விட்டுவிடுங்கள். நான் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். குளிசைகளை மாற்றியவள் நான். டீச்சர் கூப்பிட்டபோது, என்ன வருத்தமென்று தெரிந்தும் போகாதவளும் நான். ஆனால் ஒன்றை மட்டும் தெளிவாக எழுதுங்கள், பத்திரிகைக்காரர் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள்: அந்தப் பெட்டியை அவள் சரியாகத்தான் நிரப்பியிருந்தாள், எங்கள் பயிற்சியில் ஒரு குறையும் இல்லை. அதை நம்பித்தான் இன்றைக்கும் ஏழு வீடுகளில் வயதானவர்கள், கொடுக்கிற குளிசையை என்னவென்று கேளாமல் விழுங்குகிறார்கள்.